‘மறுகா?’ ‘இதிங்?’

எல்லாரும் சுகமா இருக்கீங்களா?

இந்த மாதிரிக் கேள்விகளைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதுகிறோம். சுகமா, சாப்பிட்டாச்சா, எங்க பயணம், என்ன வெயில் இது என்று நாள் முழுக்க ஆளுக்காள் கேட்டுக்கொள்ளும் சின்னக் கதைகளைப் பற்றி. அதிலும் எங்கள் மார்க்கமோ மொழியோ இல்லாத ஒருவரோடு கதைக்கும்போது இந்தச் சின்னக் கதை என்ன வேலை செய்கிறது என்பதைப் பற்றி. பதிவு கொஞ்சம் நீளம். பிளேன்டீ ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

‘நாங்கள்’ என்றால், கல்முனைப் பக்கமிருந்து அம்பாறைக்குத் தினமும் பஸ் ஏறும் ஆசிரியைகள் சில பேர். அந்தப் பாதை உங்களுக்குத் தெரியும். சாய்ந்தமருது, மாளிகைக்காடு முடிந்து காரைதீவுச் சந்தியில் திரும்பி, மாவடிப்பள்ளி, சம்மாந்துறை தாண்டி அம்பாறை. எங்களில் மூன்று பேருக்கு அதற்குப் பிறகும் உகனைப் பக்கம் போக இன்னொரு பஸ் எடுக்க வேண்டும். அங்கே சிங்களப் பிள்ளைகளுக்கு இரண்டாம் மொழியாகத் தமிழ் படிப்பிக்கிறோம். ஒரு மணித்தியாலத்துக்குள் முஸ்லிம் ஊர், தமிழ் ஊர், மறுபடி முஸ்லிம் ஊர், பிறகு சிங்கள ஊர். பஸ்ஸுக்குள் மூன்று சமூகமும் ஏறி இறங்கும். வருஷக்கணக்காக அந்த சீட்டுகளில் இருந்து கேட்டதும் கதைத்ததும்தான் இந்தப் பதிவு.

முதலில் ‘எங்க போறீங்க?’ என்ற கேள்வி. சிங்களத்தில் ‘கொஹெத யன்னே?’ இரண்டு மொழியிலும் இது ஒரு சலாம் மாதிரி. கேட்பவருக்கு நீங்கள் போகும் இடம் தேவையில்லை. அதனால்தான் நாங்கள் ‘இந்தா, இதுக்குள்ள’ என்கிறோம், அவர்கள் ‘மே லங்கட்ட’ என்கிறார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான், இங்கே பக்கத்தில். கேட்டவரும் தலையாட்டிவிட்டுப் போவார். ‘என்ன செய்றீங்க?’ என்றால் நாங்கள் ‘சும்மா இருக்கிறம்’ என்போம். அவர்கள் ‘நிகங் இன்னவா’ என்பார்கள். சும்மாவும் நிகங்கும் ஒரே சொல்தான் என்று எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொன்னால் அவர்களுக்குப் பெரிய சந்தோஷம். போகும்போது நாங்கள் ‘போறேன்’ என்று சொல்வதில்லை, ‘போயிட்டு வாறேன்’ என்கிறோம். அவர்களும் ‘கிஹிங் என்னங்’ என்கிறார்கள். அதுவும் போய்விட்டு வருகிறேன் என்பதுதான். இவ்வளவு சண்டை நடந்த நாட்டில், விடைபெறும்போது திரும்பி வருவதாகச் சொல்லும் பழக்கம் இரண்டு மொழிக்கும் பொதுவாக இருக்கிறது.

மலினோவ்ஸ்கி என்ற மானிடவியல் அறிஞர் 1923இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த வகைப் பேச்சுக்கு ஒரு பெயரே வைத்தார். தகவல் சொல்வதற்காக இல்லாமல், ஆளோடு ஆள் சேர்ந்திருப்பதற்காகவே பேசப்படும் பேச்சு என்பது அவருடைய கருத்து. பசிபிக் தீவுகளில் இருந்து பார்த்து அவர் எழுதியதை எங்களூர் உம்மம்மாமார் வேலியோரத்தில் நின்று தினமும் செய்துகொண்டிருந்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் தமிழ் ஆச்சி. மீன் என்ன விலை, முருங்கை காய்ச்சிருக்கா, மகள் எப்ப வாறாள். கடைசியில் ஒன்றும் முடிவாகாது. அடுப்பில் கறி கொதித்துவிடும், இருவரும் போய்விடுவார்கள்.

ஆனால் எங்கள் நாட்டில் இந்தச் சின்னக் கேள்விகளுக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. யுத்த காலத்தில் செக்பொயின்டில் கேட்டதும் இதே கேள்விகள்தான். எங்கிருந்து வாறீங்க, எங்க போறீங்க, என்ன வேலை. அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி வரிசையில் நடந்து மறுபடி ஏறிய தலைமுறை இன்னும் எங்களோடு இருக்கிறது. 2009 மே மாதத்தோடு யுத்தம் முடிந்தாலும், ‘கொஹெ இந்தலாத என்னே?’ என்று சிங்களத்தில் ஒருவர் அன்பாகக் கேட்டால்கூட கைப்பையை ஒருதரம் தொட்டுப் பார்க்கும் தமிழ் அம்மாக்களை நாங்கள் கண்டிருக்கிறோம். அட்டை இருக்கிறதா என்று கை தானாகப் போகிறது.

‘எந்த ஊர்?’ என்பதும் அப்படித்தான். ‘கம கொஹெத?’ என்று சிங்களவர்கள் தங்களுக்குள் கேட்டால், அது சொந்தக்காரர் யாரையாவது தெரியுமா என்று பிடித்துப் பார்க்கும் கதை. இங்கே எங்கள் கரையில் ஊர்ப் பெயரைச் சொன்னாலே இனம் தெரிந்துவிடும். அதனால் கேட்கப்பட்டவர் ஒரு விநாடி யோசிப்பார். அந்த ஒரு விநாடியைக் கண்டால் என்ன செய்யலாம்? பஸ்ஸில் வரும் மூத்த டீச்சர் ஒருவரிடம் நாங்கள் படித்த ஒரு வழி இது. அவர் கேட்க முதல் தன்னுடையதைச் சொல்வார். ‘நான் சாய்ந்தமருது. நீங்க எந்தப் பக்கம்?’ அவ்வளவுதான். தன்னுடைய அட்டையை முதலில் மேசையில் வைத்துவிட்டால் மற்றவருக்குப் பயம் குறைகிறது. எந்த இனத்தவரோடும் இது வேலை செய்வதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

அடுத்தது, என்ன சொல்லிக் கூப்பிடுவது என்ற பிரச்சினை. இது சிரிப்பான விஷயம். கிழக்கில் எங்களுக்கு மூத்த சகோதரன் காக்கா. தமிழர்களுக்கு அது மரத்தில் இருப்பது. கொழும்பு, கண்டிப் பக்க முஸ்லிம்கள் நானா என்பார்கள், சிங்களவர்களும் முஸ்லிம் ஆண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்களில் மூத்த சகோதரி தாத்தா. தமிழர்களுக்குத் தாத்தா என்றால் அப்பாவின் அப்பா, சிங்களவர்களுக்கோ அப்பாவே தாத்தா. உகனை பஸ்ஸில் ஒருநாள் எங்களில் இளையவர் முன் சீட்டைப் பார்த்து ‘தாத்தா, இங்க இடமிருக்கு வாங்க’ என்று கூப்பிட்டார். அபாயா போட்ட ஒரு டீச்சர் எழும்பி வந்தார். பக்கத்தில் இருந்த சிங்கள அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு விளங்கப்படுத்தியதும் பஸ்ஸே சிரித்தது. அன்றிலிருந்து அந்த அக்கா எங்கள் மூத்த டீச்சரைக் கண்டால் ‘ஆ, தாத்தா!’ என்றுதான் சொல்வார்.

நல்லவேளையாக அக்கா என்ற சொல் தமிழிலும் சிங்களத்திலும் ஒன்றுதான், அம்மாவும் ஒன்றுதான். இன்னொரு வசதியும் இருக்கிறது. ‘நீங்கள்’ என்பதற்குச் சிங்களத்தில் எந்தச் சொல்லைப் போடுவது என்று பயந்தால் அந்தச் சொல்லே தேவையில்லை. ‘டீச்சர் கொஹெத யன்னே?’ என்று அவர்களே எங்களிடம் கேட்பார்கள். நாங்களும் ‘டீச்சர் எங்க போறீங்க?’ என்றுதானே கேட்கிறோம். ஆளின் தொழிலையோ உறவுமுறையையோ வைத்தே மரியாதையாகக் கதைக்கலாம்.

பிறகு சாப்பாடு. ‘பத் கேவத?’ என்பதும் ‘சோறு திண்டாச்சா?’ என்பதும் ஒரு தாய்ப் பிள்ளைகள். ஆனால் பார்சலை அவிழ்க்கும்போதுதான் ஒருவர் மற்றவரின் வீட்டுக்குள் போகிறார். வெள்ளிக்கிழமை தமிழ் டீச்சர்மார் மரக்கறி, எங்கள் வீடுகளிலோ ஜும்ஆ நாள் என்றால் இறைச்சி. ஹலால் கதை வரும், மாட்டிறைச்சிக் கதை வரும். இந்த இடத்தில் ஒருவர் முகம் சுளித்தால் போதும், அதுவரை கதைத்தது எல்லாம் போய்விடும். யாரும் சுளிக்காவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் பெட்டியில் கத்தரிக்காய்ப் பிரட்டல் ஒரு பங்கு கூடுதலாக இருக்கும். யாரும் சொல்லாமலே அது நடக்கும்.

ஒவ்வொரு றமழானிலும் வரும் கேள்வி ஒன்று உண்டு. ‘வதுரவத் பொன்னே நெத்த?’ தண்ணிகூடக் குடிக்க மாட்டீங்களா? போன வருஷமும் கேட்டார்கள், அதற்கு முந்தின வருஷமும் கேட்டார்கள், அதே ஆள். எங்கள் பிள்ளைகள் சிலருக்கு இது அலுப்பு. ‘எத்தன தரம் சொல்றது, கூகுள்ல பார்க்கச் சொல்லுங்க’ என்கிறார்கள். பிள்ளைகளே, அவருக்குப் பதில் தெரியும். ‘உங்கட மாசம் வந்துட்டு, நான் கவனிச்சேன்’ என்று சொல்வதற்கு அவரிடம் வேறு வசனம் இல்லை. நாங்கள் ‘சின்னப் பெருநாள்’, ‘பெரிய பெருநாள்’ என்று வருஷத்தை எண்ணுவதுபோல, அவர் அந்தக் கேள்வியால் எங்கள் வருஷத்தை எண்ணுகிறார்.

அந்த இடத்தில் பதிலைச் சொல்லிவிட்டு நிறுத்தாமல் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டால் கதை எங்கேயோ போகும். போயா நாளில் சில் எடுக்கும் பௌத்தர்கள் நண்பகலுக்குப் பிறகு சாப்பிடுவதில்லை. கந்தசஷ்டிக்கு இந்துக்கள் ஆறு நாள் விரதம் பிடிக்கிறார்கள், கேதார கௌரி விரதம் இருபத்தொரு நாள். ‘பின்னேரம் பசிக்காதா? தலையிடிக்காதா? எப்படிச் சமாளிக்கிறீங்க?’ என்று எங்களில் ஒருவர் கேட்டதும் அந்த சிங்கள அக்கா தன்னுடைய அம்மா சில் எடுக்கும் கதையைச் சொல்லத் தொடங்கினார். பன்சலையில் வெள்ளை உடுப்போடு காலையில் இருந்து இருப்பாராம். எண்பது வயதாம். சர்க்கரை வருத்தமாம். வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டாராம். எங்கள் எல்லோர் வீட்டிலும் அப்படி ஒரு உம்மம்மா இருக்கிறார். மருந்துப் போத்தலை ஒளித்து வைத்துவிட்டு நோன்பு பிடிப்பவர்.

எல்லாக் கேள்வியும் எல்லா நேரத்திலும் கேட்கக்கூடியது இல்லை. ‘கலியாணம் முடிச்சாச்சா? எத்தன பிள்ளை?’ என்று முதல் நாளே கேட்பது எங்கள் மூன்று சமூகத்திலும் வழமை. வெளிநாட்டவர் யாராவது வந்தால் திகைத்துப் போவார்கள், எங்களுக்கு அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் முஸ்லிம்களின் சனத்தொகையைப் பற்றி என்னென்னவோ பரப்பப்பட்ட பிறகு, ‘எத்தன பிள்ளை?’ என்ற கேள்வி எங்களிடம் கேட்கப்படும்போது காதில் வேறு மாதிரி விழுகிறது. கேட்பவர் தன் பேரப்பிள்ளையின் படத்தைக் காட்டப் போகிறாரா, கணக்கெடுக்கப் போகிறாரா என்று மனம் ஆராய்கிறது. நாங்கள் கண்டவரை, பத்தில் ஒன்பது பேர் போனைத்தான் எடுக்கிறார்கள். படத்தைத்தான் காட்டுகிறார்கள்.

எங்கள் பக்கமிருந்தும் யோசிக்க வேண்டிய கேள்விகள் உண்டு. ஒரு தமிழ் சகோதரியின் நெற்றியில் பொட்டு இல்லை என்றால் அதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இந்தக் கரையில் யுத்தமும் 2004 டிசம்பர் 26இல் வந்த கடலும் எத்தனை பெண்களைத் தனியாக விட்டுப் போயின என்று எங்களுக்குத் தெரியும். அவர் சொல்ல விரும்பினால் ஒருநாள் சொல்வார். அதுவரை மழையைக் கதைப்போம், பஸ் பிந்தியதைக் கதைப்போம். கல்முனைப் பிரதேச செயலகப் பிரச்சினை சூடாக இருக்கும் நாட்களிலும் எங்கள் பஸ்ஸில் நெல் விலையைத்தான் கதைத்தோம். அதைப் பயம் என்று சிலர் சொல்லலாம். எங்களுக்கு அது வாசலில் செருப்பைக் கழற்றுவது மாதிரி ஒரு மரியாதை.

இப்போது தலைப்புக்கு வருகிறோம். எங்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத் தமிழில் ‘மறுகா’ என்ற சொல் இருக்கிறது. பிறகு என்று பொருள். தமிழரும் முஸ்லிமும் சேர்ந்து பாவிக்கும் சொல். ஒருவர் கதையை நிறுத்தினால் ‘மறுகா?’ என்று கேட்போம். சிங்களத்தில் அதே இடத்தில் ‘இதிங்?’ வரும். ‘இதிங், கொஹொமத?’ என்றால், சரி, அப்புறம், எப்படி என்பது மாதிரி. இந்த இரண்டு சொல்லிலும்தான் உறவு வளர்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம். சாப்பிட்டாச்சா என்று யாரும் யாரிடமும் கேட்கலாம். ‘உம்மாட கண் ஒபரேஷன் மறுகா என்னாச்சு?’ என்று கேட்க வேண்டுமானால் போன கிழமை சொன்னதை ஞாபகம் வைத்திருக்க வேண்டும். முதல் கேள்வி யாருக்கும் பொருந்தும். இந்த இரண்டாவது கேள்வி ஒரே ஒரு ஆளுக்குத்தான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால் 2019ஐ நாங்கள் பார்த்திருக்கிறோம். ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று நடந்ததும், 26ஆம் திகதி இரவு எங்கள் சாய்ந்தமருதிலேயே நடந்ததும் எல்லோருக்கும் தெரியும். மே மாதம் பாடசாலைகள் திறந்து நாங்கள் மறுபடி பஸ் ஏறியபோது, உகனை பஸ்ஸில் எங்களுக்குப் பக்கத்து சீட்டில் யாரும் இருக்கவில்லை. நின்றுகொண்டு வந்தார்கள், ஆனால் இருக்கவில்லை. யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. ‘கொஹெத யன்னே’ என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. ஏசினாலும் பரவாயில்லை, ஏதாவது கதைத்தால் போதும் என்று இருந்தது. கைப்பையை மடியில் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பது கொப்பிகள்தான் என்று எல்லோருக்கும் தெரியும்படி நாங்கள் பயணம் செய்தோம்.

அந்த சிங்கள அக்காவும் முதல் சில நாட்கள் முன்னால் போய் நின்றார். இரண்டாவது கிழமை ஒருநாள் வந்து எங்களில் ஒருவருக்குப் பக்கத்தில் இருந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மெதுவாக, ‘இதிங், புத்தாகே விபாகே?’ என்றார்.

மகனின் சோதனை. அந்த வருஷம் அந்த டீச்சரின் மகன் உயர்தரம் எழுத இருந்தான். கணிதப் பிரிவு, டியூஷனுக்குக் கல்முனைக்குப் போகிறான், இரவில் நித்திரை கொள்வதில்லை என்று மார்ச் மாதத்தில் அக்காவிடம் சொல்லியிருந்தார். அக்கா அதை ஞாபகம் வைத்திருந்தார். நாடு முழுக்க முஸ்லிம்கள் யார் என்று தொலைக்காட்சியில் விளங்கப்படுத்திக்கொண்டிருந்த நேரத்தில், எங்களில் ஒருவரை அவர் கணிதப் பிரிவுப் பையனின் உம்மாவாகத்தான் அறிந்திருந்தார். இரண்டு வருஷமாக வெயிலும் தேங்காய் விலையும் கதைத்ததில் சேர்ந்த சேமிப்பு அது. அந்த டீச்சர் பதில் சொல்ல முயன்று அழுதுவிட்டார். அக்கா தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். றமழான் மாதம் என்பது பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ‘ஐயோ, வதுரவத்…’ என்று அவரே தொடங்க, இருவரும் அழுகையோடு சிரித்தார்கள். அடுத்த நாள் பக்கத்து சீட்டுகளில் ஆட்கள் இருந்தார்கள் என்று சொல்லமாட்டோம். அதற்கு மாதங்கள் எடுத்தன. ஆனால் அந்த ஒரு சீட் அன்றிலிருந்து காலியாக இருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2022இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடித் திறந்த காலம். ஆகஸ்ட் மாதம் ஒருநாள், காரைதீவுச் சந்தியில் ஏறும் தமிழ் டீச்சர் எங்கள் பணிஸை வாங்க மறுத்தார். ‘இண்டைக்கு விரதம். அப்பாட திவசம்’ என்றார். ஒன்பது வருஷமாக எங்களோடு வருபவர். அப்பா இல்லை என்று தெரியும், எப்படி என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. எங்களில் மூத்தவர் மிக மெதுவாக ‘மறுகா?’ என்றார். அவர் சொன்னார். 1990 ஆகஸ்ட். அவருக்கு அப்போது பதினொரு வயது. சம்மாந்துறை வரும்வரை சொன்னார்.

எங்களில் ஒருவர் ஏறாவூரில் பிறந்தவர். அதே மாதத்தில் தன் மாமாவின் குடும்பம் போன கதையை அவர் சொன்னார். காத்தான்குடிப் பள்ளிவாசல்களில், ஏறாவூரில், நாங்கள் தினமும் கடந்துபோகும் வீரமுனையில் என்று, இரண்டு கிழமைக்குள் இந்தக் கரையில் எத்தனை உயிர்கள் போயின. யார் தொடங்கியது, யாருக்குக் கூட என்று அந்த சீட்டில் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அம்பாறையில் இறங்கும்போது அந்த டீச்சர் ‘போயிட்டு வாறேன்’ என்று எங்கள் ஒவ்வொருவர் கையையும் தொட்டுவிட்டுப் போனார். அடுத்த நாள் காலையில் ஏறியதும் கேட்டது, ‘என்ன, இண்டைக்கு பஸ் பிந்திட்டா?’ என்றுதான். அந்தக் கேள்விக்குப் பின்னால் இப்போது என்ன இருக்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நல்லிணக்கத்துக்கு எங்கள் நாட்டில் கூட்டங்களுக்குக் குறைவில்லை. மேடை, பதாகை, மூன்று மதத் தலைவர்கள், குத்துவிளக்கு. நடக்கட்டும். சட்டத்தில் 1987 தொடக்கம் தமிழும் அரச கரும மொழிதான். அதுவும் பெரிய விஷயம்தான். ஆனாலும் ஒன்பது வருஷம் சாப்பிட்டாச்சா என்று கேட்காமல் அந்த ஆகஸ்ட் மாதக் காலையை எந்த மேடையிலும் கொண்டுவர முடியாது. சூரதுல் ஹுஜுராத்தின் 13ஆவது வசனம் எங்கள் எல்லோருக்கும் பாடம். வெவ்வேறு சமூகத்தவர் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வதைப் பற்றிய வசனம். அறிந்துகொள்வது எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், எங்கள் அனுபவத்தில் பஸ் சீட்டில்தான் என்று சொல்வோம்.

வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். இரண்டாம் மொழிப் பாடத்தில் எழுத்தும் வாசிப்பும் படிக்கிறார்கள். எழுத்துச் சிங்களத்துக்கும் பேச்சுச் சிங்களத்துக்கும் தமிழில் இருப்பது மாதிரியே நிறையத் தூரம். ஆகவே பேச்சுச் சிங்களத்தில் நான்கு வசனம் சொல்லிக் கொடுங்கள். எங்கே போறீங்க, சாப்பிட்டாச்சா, போயிட்டு வாறேன், அதோடு ‘இதிங்?’. கடையில், கிளினிக்கில், பஸ்ஸில் பாவிக்கட்டும். உச்சரிப்பு பிழைத்தாலும் பரவாயில்லை, சிரித்துவிட்டுத் திருத்திச் சொல்லித் தருவார்கள். அப்படித் திருத்துவதும் ஒரு கதைதான். பிறகு அந்த ஆள் சொன்ன பதிலில் ஒன்றையாவது அடுத்த நாள்வரை ஞாபகம் வைத்திருக்கட்டும்.

அந்த சிங்கள அக்கா போன வருஷம் ஓய்வு பெற்றுவிட்டார். எங்களில் ஒருவரின் போனுக்கு இப்போதும் வொய்ஸ் மெசேஜ் அனுப்புவார். கணிதப் பிரிவுப் பையன் இன்றைக்கு வேலைக்குப் போகிறான். அவனுக்குப் பெண் பார்த்தாச்சா என்பதுதான் இப்போதைய ‘இதிங்’.

உங்களிடம் ஒரு கேள்வி. வேறு சமூகத்தவர் ஒருவர் உங்கள் வீட்டு விஷயம் ஒன்றை ஞாபகம் வைத்திருந்து பிறகு கேட்டிருக்கிறாரா? என்ன கேட்டார்? கீழே எழுதுங்கள், ஆறுதலாக வாசிப்போம். அரசியல் வேண்டாம்.

அல்லாஹ் எல்லோருக்கும் ஸலாமத்தைத் தருவானாக. பஸ்ஸுக்கு நேரமாச்சு. போயிட்டு வாறோம்.